பில் இல்லாத நான்கு பற்றரி

வலயத்திலிருந்து வந்த படிவத்தில்
ஒரு கேள்விக்கு ஐந்து பெட்டி.
முற்றிலும் உடன்படுகிறேன் என்று தொடங்கி
முற்றிலும் மறுக்கிறேன் வரைக்கும்.
வகுப்பறையில் ரோபோ பற்றி
ஆசிரியர் கருத்தாம்.
வெள்ளிக்கு முன் அனுப்ப வேண்டும்.

புவிராஜ் சேர்
எல்லாவற்றுக்கும் நடுப்பெட்டியில் புள்ளடி போட்டுவிட்டு
தேத்தண்ணிக்குப் போய்விட்டார்.
கணக்குப் படிப்பிக்கும் தங்கேஸ்வரி டீச்சர்
"யானை தள்ளின மதிலைக் கட்டித் தந்துட்டு
ரோபோவைத் தரட்டும்" என்றா.
அதிபருக்கு ஒரே கவலை, ஓடிற்.
பதிவேட்டில் ஏறிய சாமான் உடைந்தால்
யாருடைய சம்பளத்தில் வெட்டுவது?
அதனால் மாசி முதல் ஆனி வரை
இரும்பு அலுமாரிக்குள்
சில்லுத் தேயாமல் இருந்தது அது.

போன செவ்வாய் கையெழுத்து வைத்து எடுத்தேன்.
எட்டாந்தரம். முப்பத்தாறு பேர், ஒரு ரோபோ.
கறுப்புக் கோட்டில் போக வேண்டியது
சீமெந்து வெடிப்பைக் கோடென்று நம்பி
வாங்குக்கு அடியில் போய் நின்றது.
பிறகு பற்றரியும் செத்தது.

மணியடிக்க இருபத்தைந்து நிமிடம் கிடந்தது.
"நான் ரோபோ" என்று எழும்பினான் கிதுஷன்.
கழுத்துப்பட்டியால் கண்ணைக் கட்டினார்கள்.
முன்னுக்கு நாலு. இடப்பக்கம் திரும்பு. முன்னுக்கு ஆறு.
சொன்னபடியே நடந்து
சொன்னபடியே கதவில் மோதினான்.

சிரிப்பு ஓய்ந்தபின்
பின்வாங்கு யதுர்ஷா,
இடாப்புக் கூப்பிடும்போது தவிர
நான் குரல் கேட்டிராத பிள்ளை,
"அவனில பிழையில்ல டீச்சர்,
நாங்க சொன்னதிலதான்" என்றாள்.
எழும்பி வந்து கரும்பலகையில்
ஆறை அழித்து ஐந்து எழுதினாள்.
வெண்கட்டியைத் திருப்பித் தராமல்
கொண்டுபோய்விட்டாள்.

பதினேழு வருஷமாக
தேர்ச்சி அறிக்கைகளில் நான் எழுதுவது
"கவனம் போதாது".
எந்தெந்தக் கதவுகளுக்கு முன்னால் நின்று எழுதினேனோ.

படிவம் இன்னும் பைக்குள்தான்.
பன்னிரண்டாம் கேள்வி:
ரோபோ கற்பித்தலை இலகுவாக்கும்.
இலகு என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன்.
ஐந்து பெட்டியும் வெறுமை.

பின்னேரம் கொக்கட்டிச்சோலைச் சந்தியில்
பஸ்ஸால் இறங்கி நாலு பற்றரி வாங்கினேன்.
பில் கேட்டேன்.
"நாலு பற்றரிக்குமா மிஸ்?" என்று
மிச்சக் காசுக்கு இரண்டு ரொபி தந்தார் முதலாளி.
ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு
அடுத்த பஸ்ஸைப் பார்த்து நிற்கிறேன்.
ஓடிற்றுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.