நாலு சொல்

லண்டன்பேட்டையில் மாடி அறை. கீழே பஞ்சர் கடை.
ஜூன் மாதம். கிருஷ்ணகிரி முழுக்க
மாம்பழக் கூழ் மணந்து, பிறகு புளித்து, பிறகு பழகிப்போகும் மாதம்.
சந்தூரிலிருந்தும் காவேரிப்பட்டணத்திலிருந்தும்
பெங்களூரா ஏற்றிய வண்டிகள் கியர் மாற்றுகிற சத்தத்தில்
நான் கருவிகளுக்கு விளக்கம் எழுதுகிறேன்.

கருவி என்றால் ஸ்பேனர் இல்லை.
கூழ் ஆலையின் வேலைப்பட்டியலுக்குள் உட்கார்ந்திருக்கும்
ஏஜெண்டுக்கு நான் மாட்டிவிட்ட கைகள்.
அது லாரியைப் பார்த்ததில்லை. பழத்தை முகர்ந்ததில்லை.
எந்தக் கை என்ன செய்யும் என்று
நான் எழுதிய வரியைப் படிக்கும்.
படித்ததை நம்பும்.

மே மாத அவசரத்தில் எழுதியது:
"எடு: பட்டியலிலிருந்து பணியை எடுக்கும்."
நாலே சொல். போதும் போலிருந்தது.
எனக்கு அர்த்தம் தெரியுமே.

செவ்வாய் இரவு, பதினொன்று நாற்பது.
எடைமேடையிலிருந்து திம்மராயன் போனில் தட்டுகிறார்:
"நாகோஜி வண்டி வந்தாச்சு. பதினேழாம் லோடு எடு."
எடுத்தது.
வண்டி எண், ஆறு டன் கணக்கு,
போக வேண்டிய தொட்டி, தோட்டக்காரர் பெயர்,
ஒரு எழுத்து மிச்சமில்லாமல் எடுத்தது.
"எடுத்துவிட்டேன்" என்று பதிலும் போட்டது.
திம்மராயன் திருப்தியாக டீ குடிக்கப் போனார்.

கேட்டில் இருப்பவர் பட்டியலைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்.
பட்டியலில் இல்லாத வண்டியை
யார் கூப்பிடுவார்கள்?
பதினெட்டு உள்ளே போனது. பத்தொன்பது போனது.
நாகோஜி தார்ப்பாயைத் தூக்கித் தூக்கிப் பார்த்திருக்கிறார்.
விடிவதற்குள் அடியிலிருந்த பழம் வியர்த்து
சாறு டயர்மேல் சொட்டி
எறும்புகள் அவருக்கு முன்பே லோடு இறக்கத் தொடங்கிவிட்டன.

காலையில் முதலாளி கேட்டார்:
"என்னங்க, உங்க மிஷின் லூசா?"
இல்லை என்றேன்.
அதற்குமேல் சொல்ல வாய் வரவில்லை.
சொன்னதைச் செய்திருந்தது. சொன்னது நான்.

பிறகு அந்த ஒரு சொல்லோடு உட்கார்ந்தேன்.
பெண் எடுத்த வீடு. கடன் எடுத்த பேங்க்.
பல்லை எடுத்தார்கள். ஓட்டம் எடுத்தான்.
பாம்பும் படம் எடுக்கிறது, கேமராவும் எடுக்கிறது.
பசி எடுக்கிறது; எதை, எங்கிருந்து என்று
ஒருநாளும் கேட்டதில்லை.
இத்தனையும் புழங்கும் வாயை வைத்துக்கொண்டு
ஒன்றுமே சொல்லாமல் எழுதியிருக்கிறேன்.

அன்றிரவு அதை அடித்துவிட்டு:
"நீக்கு: பணியைப் பட்டியலிலிருந்து அழிக்கும். அழித்தது திரும்ப வராது.
ஒரே லோடு இரண்டு முறை பதிவாகியிருந்தால் மட்டும் பயன்படுத்து.
வண்டி வாசலில் நிற்கும்போது பயன்படுத்தாதே.
யாராவது 'எடு' என்றால், இதைத்தான் சொல்கிறார்கள் என்று
நீயாக நினைக்காதே. கேள்."

கடைசி வரியை மூன்று முறை அழித்தேன்.
விளக்கம் மாதிரி இல்லை, கெஞ்சுவது மாதிரி இருந்தது.
இருக்கட்டும் என்று விட்டேன்.

வியாழன். பன்னிரண்டு ஐந்து.
திம்மராயன்: "மூணாம் லோடு எடு."
ஏஜெண்ட்: "பட்டியலிலிருந்து நீக்கச் சொல்கிறீர்களா,
வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?"
ஒரு நிமிடம் திரையில் ஒன்றுமில்லை.
மூன்று புள்ளிகள் வந்தன, போயின, வந்தன.
பிறகு,
"யோவ். இறக்கு."

இறக்கு.
எனக்குத் தோன்றவே இல்லை.
என்னிடம் அப்படி ஒரு கருவியே கிடையாது.
அழிக்கத் தெரியும், தள்ளிப்போடத் தெரியும், நினைவூட்டத் தெரியும்;
வாசலில் நிற்பவரை உள்ளே கூப்பிட
இத்தனை நாளாக ஒரு கை மாட்டவில்லை.

பஞ்சர் கடை ஷட்டர் இறங்கிவிட்டது.
மடிக்கணினியில் பதினோரு சதவீதம் சார்ஜ்.
எழுதுகிறேன்:
"இறக்கு: வாசலில் காத்திருக்கும் வண்டியைத் தொட்டிக்கு அழைக்கும்.
ஓட்டுநரின் பெயர் தெரிந்தால், பெயர் சொல்லி"