பதினோரு அடிக்கு ஆறு அடி

வீடு முடிந்ததும் மேஸ்திரி விட்டுப்போன இடம்.
உடைந்த செங்கல், இறுகிய சிமெண்ட் சாக்கு,
யாருடையதோ ஒற்றைச் செருப்பு.
கார் நிறுத்தலாம் என்றான் என் தம்பி.
எங்களிடம் கார் இல்லை.

மாதவரம் நர்சரியில் ரங்கையா
என்ன பூ வேண்டும் என்று கேட்கவில்லை.
"எர்ணாவூரா? போர் தண்ணியா, லாரியா?"
போர்.
"சோப்பு நுரைக்குமா?"
நுரைக்காது.
நான் தொட்டுக்கொண்டிருந்த செண்பகக் கன்றை
மெதுவாகத் தன் பக்கம் நகர்த்தினார்,
மாப்பிள்ளையின் சம்பளம் தெரிந்ததும்
பேச்சை மாற்றும் அப்பாவைப்போல.

அதைத்தான் வாங்கினேன்.
முந்நூற்றைம்பது ரூபாய், நாற்பத்திரண்டு நாள்.
நுனியில் ஆரம்பித்த பழுப்பு
யாரோ பீடியால் சுட்டுச் சுட்டு
உள்ளே வருவதுபோல் வந்தது.
கடல் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளித்தான்.
காற்றுக்கு அது நடைதூரம்.

அதன்பிறகு பஸ்சில் ஜன்னலோரம் பிடித்து
நட்டதை விட்டுவிட்டு நின்றதைப் பார்க்கத் தொடங்கினேன்.
நெடுஞ்சாலை நடுத்திட்டில்
டிரெய்லர் புகையைக் குடித்துக்கொண்டு
ரோஸ் நிறமாய் அரளி.
சுடுகாட்டுச் சுவரின் வெடிப்பில் நித்யகல்யாணி,
யாரும் ஊற்றியதில்லை, யாரும் பறித்ததுமில்லை.
வலை காயும் மணலில் பூவரசு,
காலையில் மஞ்சள்
சாயங்காலம் விழும்போது செங்காவி.
போன புயலில் எங்கள் தெரு குல்மோகர் மூன்றும்
மின்கம்பியைக் கட்டிக்கொண்டு படுத்தன.
பள்ளிக்கூடத்துப் புன்னை
இலையை மட்டும் கொடுத்துவிட்டு நின்றது.

அரளி வேண்டாம், என் ஆட்டுக்குட்டி மேயும், என்றாள் கதீஜா.
பூவரசு வேர் சம்ப்பைத் தேடிவரும், என்றான் பிளம்பர்.
புன்னை வளர்ந்தால் வீட்டை வெளியே வைக்கவேண்டும்.

தயாளன் ஒன்றும் சொல்லவில்லை.
உரக் கம்பெனியில் இருபது வருஷம்,
மூக்கு செத்து ஆறு வருஷம்.
சாம்பார் அடிப்பிடித்தால்
என் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.
அதனால், கேஸ் புக்கின் பின்னட்டையில்
வாசமில்லாதவையாகப் பார்த்து எழுதினேன்.
காகிதப்பூ, இட்லிப்பூ, தங்க அரளி என்று எழுதி
தங்க அரளியை ஆட்டுக்குட்டிக்காக அடித்தேன்.
மாசத்துக்கு ஒரு நிறமாவது
அவர் கண்ணுக்கு இருக்கட்டும்.

படித்தார். பேனாவைக் கேட்டார்.
இட்லிப்பூவை அடித்துவிட்டு
பவளமள்ளி என்று எழுதினார், இரண்டு புள்ளி ளகரம்.
"உங்களுக்கு என்ன தெரியும் அதில்?"
"உனுக்கு மூக்கு கீதில்ல."

சுவரில் காகிதப்பூ ஏறியது.
நித்யகல்யாணியைச் சுடுகாட்டிலிருந்து கொண்டுவந்தேன்,
எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை.
பூவரசங்கொம்பை வாசலுக்கு வெளியே, தெருவோரம் ஊன்றினோம்.
அது வேர்விட்டதும் பிளம்பர்
தன் பைக்கை அதன் நிழல் வரப்போகும் இடத்தில்
இப்போதே நிறுத்துகிறான்.

பவழமல்லிக்குத்தான் தனிச் சமையல்.
செம்மண் நாலு மூட்டை, மக்கிய சாணி,
லாரி வரும் நாளில் ஒரு குடம் நல்ல தண்ணீர்.
குடத்தைச் சாய்க்கும்போது
எதிர்வீட்டு ஜன்னல் எங்களைப் பார்க்கும்.
நாங்கள் ஜன்னலைப் பார்ப்பதில்லை.
அனல்மின் சாம்பல் இலையில் படிந்தால்
பவுடர் போட்ட குழந்தையைத் துடைப்பதுபோல்
ஈரத்துணியால் ஒவ்வொன்றாய்த் துடைப்பார்.
இலை சொரசொரப்பு. துணிதான் கிழியும்.

புரட்டாசியில்,
ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடித்து ஐந்தரைக்கு வருகிறேன்,
கேட்டுக்குள் ஏழு பூ.
ஆறு மண்ணில், ஒன்று என் பழைய செருப்பில்.
தயாளன் குந்தியிருந்தார்.
ஒன்றை எடுத்து, பழக்கத்தில்,
மூக்கருகே கொண்டுபோய் வைத்தார்.
பிறகு என்னிடம் நீட்டினார்.
"எப்டி கீது?"

மூச்சை இழுத்தேன்.
மணலிப் பக்கமிருந்து
அழுகிய முட்டையும் தீய்ந்த ரப்பருமாய்
ஒரு காற்று, அந்த நேரம் பார்த்து.

இரு, என்றேன், பூவைக் கையால் மூடிக்கொண்டு.
கடல்காத்து திரும்பட்டும்.
சொல்றேன்.