மீன்செதில்

இஞ்சின் சங்கிலியில் தொங்கி மூன்று வாரம்.
கீழே இஸபெல்லா வாயைப் பிளந்தபடி நிற்கிறாள்,
பல் டாக்டரிடம் வந்தவள் மாதிரி.

ஜூலை. சால்ட்டோவில் நல்ல குளிர்.
மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷைப் பிடித்திருப்பதை
விரல்கள் மறந்துவிடுகின்றன.
அறுபது வருஷத்து எண்ணெய், ஆரஞ்சுத் தோப்புத் தூசியோடு சேர்ந்து
அல்வா பதத்துக்கு வந்திருக்கிறது.
அதற்குள் பாதி லாட்டரிச் சீட்டு.
பரிசு விழுந்ததா என்று பார்க்க
மற்ற பாதி வேண்டும்.

சுரண்டச் சுரண்ட நிறம் மாறியது.
மேலே கறுப்பு, யாரோ அவசரத்தில் அடித்தது.
அதன் கீழே பச்சை.
அதற்கும் கீழே பாலேட்டு நிறம்.
அதுதான் பிறந்த நிறம் என்று
பேட்டரித் தட்டுவரை நம்பிக்கொண்டே வந்தேன்.
தட்டைக் கழற்றினால்,
கண்ணாடிப் பக்கம் பாலேடு,
விளக்குப் பக்கம் நீலம்,
நடுவில் சாண் நீளத்துக்குப் பற்றவைத்த தழும்பு.

முன்பாதி ஒருத்தி. பின்பாதி வேறொருத்தி.

எனக்கு விற்றவர் வாஷிங்டன் ஒலிவேரா.
இரண்டு தெரு தள்ளி வீடு.
கைகூடக் கழுவாமல் போனேன்.
மாத்தேக் குடுவையை நீட்டினார். வாங்கவில்லை.
இந்த ஊரில் அது கன்னத்தில் அறைவதற்குச் சமம்.

"இடிபடாத வண்டி என்றீர்களே!"
"நான் இடித்ததில்லை என்றேன், வல்கீரியா.
இடித்தது என் மைத்துனன். ஒரு மாட்டின்மேல்."
"மாடு?"
"மாட்டுக்கு ஒன்றுமில்லை."

சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன்.
மறுபடி நீட்டினார்.
கசந்தது, நாக்கைச் சுட்டது, குடித்தேன்.
நீலம், பைசாந்துவில் ஒரு மருத்துவச்சியின் வண்டியாம்.
பின்னாலிருந்து லாரி ஏறியதில்
முகம் மட்டும் மிஞ்சியதாம்.
மருத்துவச்சிக்கு என்ன ஆயிற்று?
அவர் கெட்டிலை அடுப்பில் வைக்க எழுந்துபோனார்.

மறுநாள் உப்புத்தாள், தின்னர், பிரைமர்.
பூசி மெழுகுவது என்று சொல்கிறார்களே,
பூசிப் பார்த்தவர்கள் சொன்னதாக இருக்காது.
பளபளப்பு ஏற ஏறத்தான்
மேடு மேடாகத் தெரிகிறது.

கிரைண்டரை எடுத்தேன். இரண்டு நிமிட வேலை,
மேலே கொஞ்சம் பட்டி, தீர்ந்தது கதை.
விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன்.
எவனோ குனிந்து, மூச்சடக்கி,
மீன்செதில்போல் ஒன்றின்மேல் ஒன்றாக
இடைவெளி விடாமல் இட்டுக்கொண்டு போயிருக்கிறான்.
ஓரிடத்தில் மட்டும் கை நடுங்கியிருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கினேன்.

பதிவுப் புத்தகத்தில் நிறம்: பாலேடு.
கடையில் என் வாய் சொன்னது: நீலம், இரண்டு லிட்டர்.

ராத்திரி கடைசிக் கோட்.
இந்தக் குளிரிலும் எங்கிருந்தோ ஒரு விட்டில்
பல்பைச் சுற்றிவிட்டு, தழும்புக்குப் பக்கத்தில்
ஈரத்தில் உட்கார்ந்துகொண்டது.
எடுத்தால் சுவடு.
விட்டால் விட்டில்.

பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.
ஓரத்திலிருந்து காய ஆரம்பித்துவிட்டது.