கதிரொளியின் கணக்கில் 240 புள்ளிகள்

உபி தொழிற்பேட்டை, நான்காம் மாடி.
பக்கத்துப் பட்டறையில் கார் பெயிண்ட் வாடை.
எங்கள் கடையில் வெயில் தின்ற பிளாஸ்டிக்,
கொஞ்சம் ஸ்பிரிட், காது குடையும் பஞ்சுக்குச்சி.
பழைய வீடியோ கேம் கேசட்டுகளுக்குப்
பல் துலக்கிவிடுவது என் வேலை.
ஊதிப் போட்டால் ஓடும் என்று
இன்னமும் நம்புகிறவர்களுக்கு
ஊதாமலே ஓடும்படி அனுப்பவேண்டும்.

இணையத்தில் கடை திறந்து மூன்று வாரம்.
பொருள் போனது. பணம் வந்தது.
வாங்கியவர்கள் வாய் திறக்கவில்லை.
'ஒரு கருத்துக்கு இருபது புள்ளி,
இருநூறு சேர்ந்தால் பத்து வெள்ளி கழிவு'
சிவப்பில் எழுதி மினுக்கவிட்டார் முதலாளி குவெக்.
அப்போதும் இல்லை.
"நீயே எழுது லா. பேரை மட்டும் மாத்து."

மீகோரெங் ஆறுவதற்குள்
பத்துப் பேரைப் பெற்றுப்போட்டேன்.
தெம்பனிஸ் நூருல் ஐன், ஐந்து நட்சத்திரம்.
உட்லண்ட்ஸ் டெரிக் ஹோ, ஐந்து,
கூடவே மூன்று ஆச்சரியக்குறி.
ஒன்பது பேருக்கும் ஒரே வாய்:
அருமை. விரைவு. மறுபடி வாங்குவேன்.

பத்தாவது ஆள்
புக்கிட் பாத்தோக் கதிரொளி.
பிறக்கும்போதே முகம் சுளித்தார்.
"பெட்டியின் மூலை நசுங்கியிருந்தது.
நான்காம் கட்டத்தில் படகு வரும்போது
திரை ஒரு நொடி உறைகிறது.
ஆனாலும் ஓடுகிறது. மூன்று."

அந்தப் படகு எனக்குத் தெரியும்.
சோதித்துப் பார்த்த கை இதுதான்.

ஒன்பது பேரை யாரும் சீண்டவில்லை.
கதிரொளியின் கீழேதான் கேள்வி விழுந்தது.
ஜூரோங் வெஸ்ட் இர்வான் கேட்டிருந்தார்:
"அந்தச் சாம்பல் நிறக் கையடக்கப் பெட்டி
உங்களிடம் இருக்கிறதா சார்?
என் மகளுக்கு இடக்கைப் பழக்கம்.
திசைப் பொத்தான் ஒட்டுமா?"

கதிரொளிக்குத் தெரியாது.
கதிரொளிக்குக் கையே கிடையாது.
கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்துப் பையில் போட்டேன்.
ரயில் கதவோரம் சாய்ந்து
இடக்கையை மட்டும் வைத்து ஆடினேன்.
விழுகிற கட்டைகள் விழுந்தபடி இருந்தன.
செராங்கூனில் இறங்கவேண்டியவள்
பீஷானில் முழித்தேன்.

இரவு ஒன்றரைக்கு அவர் பதில் எழுதினார்:
"நாற்பது நிமிடம் வரை ஒட்டாது.
பிறகு ஒட்டும். கை வியர்வைதான்.
பக்கத்தில் ஒரு துணி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்."

பயனுள்ளது என்று அழுத்தினார்கள்.
அழுத்தத்துக்கு ஐந்து புள்ளி.
கேள்விகள் வந்தன: இந்த வயர் புதுத் தொலைக்காட்சிக்குப் பொருந்துமா,
அந்தக் கேசட்டில் சேமித்தது நிற்குமா.
நான் தூக்கம் கெட்டேன்.
அவர் பெயர் வாங்கினார்.

மாதக் கடைசியில் கணினி தானாகவே
சிறந்த வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுத்தது.
பரிசு, அதே சாம்பல் நிறப் பெட்டி.
குவெக்குக்கு ஒரே குஷி.
"யார் இந்த ஆளு? வரச்சொல்லு,
நான் நின்னு போட்டோ எடுக்கணும்."

"சார், நீங்க பெத்துப்போடச் சொன்ன ஆளுதான்."

கொஞ்ச நேரம் குளிர்சாதனம் மட்டும் பேசியது.
பிறகு கேட்டார்:
"நம்ம ஆளா? அப்புறம் ஏன் மூணு?"

"அவருக்குப் பொய் வராது சார்."

ஒன்பது கணக்குகளையும் அன்றே மூடினோம்.
பத்தாவதன் மேல் சுட்டி போய் நின்றது.
குவெக் கோப்பி வாங்கக் கீழே போனார்,
போனவர் வெகுநேரம் வரவில்லை.

பெட்டி ஜூரோங் வெஸ்டுக்குப் போனது.
அந்தப் பட்டியலில் அடுத்து நின்றவர் அவர்தான்.
எட்டாம் நாள் எழுதினார்:
"மகள் நாற்பத்தைந்து நிமிடம் ஆடினாள்.
கதிரொளி சார் சொன்ன கணக்கு
ஐந்து நிமிடம் தப்பு. நான்கு."

இருபது புள்ளி சேர்த்தேன்.
முதலாளி பின்னால் நின்று படித்தார்.
மீதி ஒன்று எங்கே என்று
இந்த முறை கேட்கவில்லை.