வாடகை பாக்கி

ஆர்வில்ஸ் அறையைக் காலி செய்த அன்று ரீகாவில்
பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
விட்டுப் போனவை:
இரண்டு மாத வாடகை பாக்கி,
ஒற்றைச் சாம்பல் காலுறை,
கதவுயரத்துக்கு ஒரு தொட்டிப் பனை.

இலையா அது,
காற்று கிழித்த குடையின் கம்பிகள்.
நுனியெல்லாம் தேநீர் நிறம்.
தூக்கிப் போடத்தான் கையுறை மாட்டினேன்.
ஐந்தாம் மாடி. மின்தூக்கி நின்று மூன்று வருஷம்.
குப்பைத்தொட்டியோ முற்றத்துக்கு அந்தப் பக்கம்.
கொல்வதென்றால்
நூற்றுச் சொச்சம் படி இறங்கிக் கொல்ல வேண்டும்.
சோம்பல் சில நேரம்
கருணையின் வேலையைச் செய்துவிடுகிறது.

டிராமில் சீட்டு பரிசோதிப்பவள் நான்.
மறைக்கிற முகம் எனக்குத் தெரியும்.
இலையைத் திருப்பினேன்.
அடியில் மெல்லிய வலை, கொஞ்சம் பொடி.
வெள்ளைத்தாளை ஏந்திப் பிடித்துத் தட்டினேன்.
விழுந்த தூசு
நடந்தது.

"சிலந்திப்பேன்" என்றாள்
சந்தையில் விதை விற்கும் வெல்கா.
"காய்ந்த காற்றில்தான் பெருகும்.
உன் வீட்டு ஹீட்டர் அதுகளுக்குத் தாய்மாமன்.
மட்டை இடுக்கில் பஞ்சு மாதிரி ஏதும் உண்டா?
அது வேறு குடும்பம், மாவுப்பூச்சி."
இரண்டும் இருந்தன.
தான் மட்டும் காலி செய்துவிட்டு
எத்தனை பேரைக் குடிவைத்துப் போயிருக்கிறான்!

குளியல் தொட்டியில் நிற்கவைத்தேன்.
மண் கரையாமல் பையால் கட்டி
வெதுவெதுப்பாக நீர் விட்டு
சோப்புத் துணியால் ஒவ்வோர் இலைக்கும் முதுகு தேய்த்தேன்.
என் முதுகை இன்னொரு கை தேய்த்துப்
பதினோரு வருஷம் இருக்கும்.
அதை விடுங்கள்.
காது குடையும் பஞ்சுக்குச்சியை
மருந்துக்கடை ஸ்பிரிட்டில் முக்கித்
தொட்டால் போதும்,
மாவு கலைந்து ஆரஞ்சாய் ஒரு கறை.
முட்டைக்கு சோப்பும் உறைக்காது, சாபமும் உறைக்காது.
ஏழு நாள் பொறுத்து மறுபடி.
மறுபடி.

தொட்டிக்குள் இன்னொரு தொட்டி.
நடுவே தேங்கிய நீரில் ஊறிய சாக்கின் வாடை.
தாகத்தில் அல்ல,
தினம் ஒரு கோப்பை அன்பில்
மூழ்கிக்கொண்டிருந்திருக்கிறது பாவம்.
கறுத்த வேரை இழுத்தேன்.
தோல் கையோடு வந்தது. நூல் மிஞ்சியது.
வெட்டினேன். ஓட்டையுள்ள சின்னத் தொட்டி,
பாதி மண், பாதி மணலும் மரப்பட்டையும்.

வெல்கா இன்னொன்றும் சொல்லியிருந்தாள்:
"முழுக்கப் பழுத்ததை மட்டும் எடு.
நுனி கத்தரித்தால் நூலளவு பழுப்பை விட்டுவை,
பச்சையில் வெட்டினால் அங்கிருந்து மறுபடி காயும்.
நடுவில் ஈட்டி மாதிரி நிற்கிறதே, தொடாதே.
ரோஜாவுக்குக் கிளைக்குக் கிளை கண்.
இதற்கு ஒரே குருத்து.
அது போனால் போனதுதான்."

குருத்து வெளிவரும் இடத்தில்
பேனாவால் கோடு போட்டேன்.
பிப்ரவரி முழுக்க
கோடு போட்ட இடத்திலேயே கோடு.
பொய் சொல்கிறதோ என்று
டார்ச் அடித்தும் பார்த்தேன்.

மார்ச் ஒன்பது.
கோடு ஏறியிருந்தது,
நகக்கண் அளவு.
அன்றும் ஆறு பேருக்கு அபராதம் எழுதினேன்.
கையெழுத்து மட்டும்
கொஞ்சம் நன்றாக வந்தது.

ஏப்ரலில் ஆர்வில்ஸ் ஒரு மாத வாடகை அனுப்பினான்.
பனையைப் பற்றிப் பேச்சே இல்லை.
காலுறை கிடைத்ததா என்று கேட்டிருந்தான்.

படிக்கட்டுக் கதவில் ஒட்டியிருக்கிறேன்:
அறை வாடகைக்கு.
கிழக்கு ஜன்னல் ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுத்தாயிற்று.
ஞாயிறு காலை குளியலறையும் அவருக்கே.
அதற்காக வாடகையில் பத்து யூரோ தள்ளுபடி.

விரிந்த புது இலைக்கடியில்
நேற்று தாளைப் பிடித்துத் தட்டினேன்.
இரண்டு தூசு விழுந்தன.
ஒன்று நடந்தது.