அரை மருந்து

முதலில் விசிறியை நிறுத்த வேண்டும்,
தராசுத் தட்டுக்குக் காற்று ஆகாது.
பங்குனியில், புரசைவாக்கத்தில்,
சன்னலையும் சாத்திக்கொண்டு உட்காருகிறவளுக்குக்
கழன்றுவிட்டது என்கிறாள் மேல்வீட்டு ரெபேக்காள்.
அனுமதித் தாள் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது.
அதை என் பட்டம் என்று நினைத்திருக்கிறாள்.

பட்டம் கீழே, கிளினிக்கில்.
பல் பிடுங்குகிறவள் நான்.
ஈறு மரத்துப்போக ஊசியில் ஏற்றுவதும் மருந்து,
இந்தப் பித்தளைக் கூட்டில் கொட்டுவதும் மருந்து.
தமிழுக்கு இரண்டும் ஒன்றுதான்,
கூடினால் வம்பு என்பதிலும்.

பெரம்பூர் ரயில்வே காலனியைக் காலிசெய்து
பெர்த்துக்குப் போன ஆஸ்வால்ட்
முறைப்படி என் பெயருக்கு மாற்றிக் கொடுத்த ரைஃபிள்.
1916 என்று முத்திரை.
யாரைச் சுட்டது, யாரையாவது சுட்டதா,
ஆஸ்வால்டும் கேட்டுவைக்கவில்லை.
அதன் கட்டையில் கைப்பிடியருகே விரிசல்,
பசை வைத்து ஒட்டியிருக்கிறது.
எனக்குக் காறை எலும்பில்,
கங்கு ரெட்டி சாலைப் பள்ளத்தில் ஸ்கூட்டி சாய்ந்த அன்று.
முழு மருந்து போட்டால்
இரண்டு பேரில் யார் முதலில் உடைவது என்று
பந்தயம் கட்டலாம்.
அதனால் குறைத்துப் போடுகிறேன்.
செம்பு உறை இல்லாத வெறும் ஈயக் குண்டு.
அட்டைவரை போய்ச் சேர்ந்தால் போதும்.

குறைவு என்றால் பத்திரம் என்று நினைப்பார்கள்.
நிறைய அளக்கிறவன் மறந்துபோய் மறுபடி ஊற்றினால்
வழிந்து கொட்டி மானத்தை வாங்கும்.
குறைவாக அளக்கிறவளுக்கோ
கூட்டுக்குள் இடம் கிடக்கிறது.
இரண்டாவது தடவையும் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும்,
பிறகு கன்னத்தருகே வாய் திறக்கும்.
ஒவ்வொன்றுக்கும் டார்ச் அடித்து,
பல் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து
உள்ளே மட்டம் பார்க்கிறேன்.
"ஆ காட்டுங்க" என்று
ஒருமுறை சொல்லியும்விட்டேன்.

தெருவில் ஒலிபெருக்கி கட்டிய மூன்று சக்கர வண்டி,
பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்.
மேஜையில் இருப்பது அதுதான்,
ஈயம், பித்தளை.
அரைக் கிலோ தேறுமா?
மூக்கு நுனி வியர்வை மருந்தில் விழாமல்
முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன்.

இருபது கூட்டில் பதினான்காவதில் இருந்தபோது போன்.
வேப்பேரி ஸ்டேஷன், ஏட்டு தணிகாசலம்.
"எலெக்‌ஷன் தேதி சொல்லிட்டாங்க டாக்டரம்மா.
ஐட்டத்த நாளைக்குள்ள கொண்டாந்து குடுத்துருங்க."
வைத்துவிட்டுத் திரும்பினால்
பதினான்கில் ஊற்றினேனா, ஊற்றி மறுபடி ஊற்றினேனா.
டார்ச் அடித்தேன், கண்ணாடி காட்டினேன்,
மட்டம் சரியாகத்தான் தெரிந்தது.
இருந்தும் டப்பாவிலேயே கவிழ்த்துவிட்டேன்.
சந்தேகத்தோடு நான் அடைத்த பல் ஒன்றுகூட
என்னிடம் திரும்பி வராமல் இருந்ததில்லை.

ஸ்டேஷனில் நீளப் பதிவேடு.
துப்பாக்கி ஒன்று. தோட்டா பதின்மூன்று.
மிதமானது என்று எழுத அதில் பத்தி இல்லை.
மேல்வரியில் யாரோ நகைக்கடைக்காரரின் ரிவால்வர்.
ஏட்டு ஒரு தோட்டாவை உள்ளங்கையில் உருட்டினார்.
"இது எம்மாந்தூரம் போவும்?"
"அம்பது கெஜம். அட்டை வரைக்கும்."
"அவ்ளோதானா?"
குரலில் கொஞ்சம் இரக்கம்.
விசைக்கு மேல் நூல் கோத்து
எண் எழுதிய அட்டையைக் கட்டித் தொங்கவிட்டார்,
சைக்கிள் ஸ்டாண்டு டோக்கன் மாதிரி.
ரசீதை மடிக்கும்போது தோள் வலித்தது,
சுடாமலேயே.

வீட்டுக்கு வந்து விசிறியைப் போட்டேன், ஐந்தில்.
மேஜையில் ஏழு கூடுகள் வாயைத் திறந்தபடி.
தராசுத் தட்டு ஆடுகிறது.
ஆடட்டும்,
ஓட்டு எண்ணி முடிக்கும்வரை.