பத்தொன்பது அவுன்ஸ்

பகலில் கிளிநொச்சி வங்கி, அடகுப் பிரிவு.
தாலிக்கொடியை உரைத்துப் பார்த்து
எடையைத் துண்டில் எழுதுகிறவன்.
சனிக்கிழமைகளில் வேறு ஆள்.

மாங்குளத்தில் மஹ்றூபின் பழைய இரும்புக் கடை.
சைக்கிள் றிம், ஷெல் கோது, ஓட்டை வாளி.
அதற்குள் தலைகீழாய்
ஒரு வெள்ளி மெழுகுதிரித் தண்டு.
பித்தளை விலைக்குத் தந்தான்.
நானும் பித்தளை முகத்தோடு வாங்கினேன்.

அடியைத் திருப்பினால் நாலு முத்திரை.
சிறுத்தைத் தலை, இலண்டனுக்கு.
ஓர் எழுத்து, ஆண்டுக்கு.
தேய்ந்த இரண்டெழுத்து, செய்தவனுக்கு.
பிறகு, முன்கால் தூக்கி நடக்கும் ஒரு சிங்கம்.
கையில் வாள் இல்லை.
அதனால் வீட்டுக்குள் விட்டேன்.

பதினொரு வருடத்தில் ஏழு சேர்ந்தது.
இரண்டு வெறும் பூச்சு,
கழுத்தில் செம்பு எட்டிப் பார்க்கிறது.
ஒன்றின் வயிற்றுக்குள் கீல்;
வெயிலில் வைத்தால் வேர்க்கும்.
ஏழும் ஒற்றை.
ஒற்றைக்குப் பாதி விலைகூட இல்லை என்றேன்.
"அப்ப நாங்கள் ரெண்டு பேரும் என்ன விலை?"
என்றாள் மனைவி, வெங்காயம் உரித்தபடி.

மஹ்றூபின் தண்டில், முத்திரைக்குக் கீழே
ஊசியால் கீறியிருந்தது: 3. பக்கத்தில் 19.
மூன்றாவது. பத்தொன்பது அவுன்ஸ்.
என்றால் நாலாவது எங்கோ இருந்தாக வேண்டும்.

முத்தையன்கட்டில் இருந்தது,
யூஜீனாவின் ஆட்டுக் கொட்டிலில்,
தலையில் நுளம்புத்திரி குத்தியபடி.
"முகாமில தறப்பாள் பறக்காமல்
மூலையில வைச்சனான். பாரமான சாமான்."
எங்கே கிடைத்தது?
"வழியில."
வழி எனக்கும் தெரியும். மேலே கேட்கவில்லை.

சாம்பலைத் தட்டித் தராசில் வைத்தேன்.
ஐந்நூற்று எண்பத்தொன்பது கிராம்.
கீறிய எடைக்கு இரண்டே இரண்டு குறைவு.
என்னுடையது ஐந்நூற்று எழுபத்திரண்டு.

விலை சொன்னேன். இரண்டு மடங்கு சொன்னேன்.
அவள் பாவாடைத் தொங்கலால்
கறுப்பை ஓரிடத்தில் மட்டும் துடைத்தாள்.
பிடரி, நகம், திறந்த வாய்.
என்னுடையதையும் வாங்கிப் பார்த்தாள்.
"உங்கட சிங்கத்துக்கு மூஞ்சை இல்லையே.
என்ன செய்தனீங்கள்?"

துடைத்தேன்.
ஞாயிறுதோறும், திருநீறு போட்டு,
மெல்லிய துணியால்.

விற்க மாட்டாளாம்.
பொழுது பட்டதும் திரியைக் கொளுத்தி
இரண்டையும் ஆடுகளுக்கு நடுவில் வைத்தாள்.
ஒன்றில் புகை. மற்றதில் ஒன்றுமில்லை.
ஒட்டுசுட்டான் பஸ்ஸுக்கு அரை மணித்தியாலம் இருந்தது.
அதுவரை சோடி.